சிரிப்புக்கு ஒரு துண்டு ஃபிலிம்

கட்டை அவிழ்த்து வெகுநேரம் ஆகியும் ஏலவார்குழலியின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் பிரியவில்லை. குனிந்து பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. அவளே தன் கையால் அவிழ்த்து எறிந்த வெள்ளைத் துணிக் கிழிசல் தூணோரம் சுருண்டு கிடந்தது. ஆனால் இடது காலை எடுத்து வைத்தால் வலது காலும் கூடவே இழுபட்டு வந்தது. அசையாமல் படுத்தே கிடந்தோமே, ரத்தம் கட்டிப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

பிள்ளையார்பாளையத்தில் கைலாசம் என்ற நெசவாளியின் வீடு அது. வெளியே காஞ்சிபுரத்தின் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, உள்ளே ஜன்னல், கதவு, கூரை ஓட்டுச் சந்து வரை கறுப்புத் துணியால் மூடி நடுராத்திரியை உண்டாக்கி வைத்திருந்தார்கள் சினிமாக்காரர்கள். சூடேறிய விளக்குகளின் தகர வாசனையும், தறியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சிப் பசையின் புளித்த வாசனையும், சாவு ஷாட்டுக்கு வாங்கிய ரோஜா மாலையும் ஊதுபத்தியும் ஒன்றாகக் குழைந்து வெளியேற வழியில்லாமல் கூடத்திலேயே நின்றன. படப்பிடிப்புக்குச் சத்தம் கூடாதென்று தெரு முழுக்கத் தறியை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தெருக்களில் பட்டப்பகலில் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்பது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். தெருவில் பிணம் கிடக்க வேண்டும். நாலு தெரு தள்ளித் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த குழலிக்கு அது தெரியாதா என்ன?

சினிமாவில் அவள் பார்த்த உத்தியோகத்துக்குச் சரியான பெயர் கிடையாது. கதாநாயகியின் புடவையை மடிப்பாள், சவுரியைச் சிக்கெடுப்பாள், விளக்கு வைக்கும்போது கதாநாயகி நிற்க வேண்டிய இடத்தில் அவளுக்குப் பதிலாக மணிக்கணக்கில் நிற்பாள். வெளிச்சம் சரியானதும், 'நகரும்மா' என்பார்கள். நகர்ந்துவிட வேண்டும். கேமரா ஓடுகிற நேரத்தில் அவள் முகம் எதிலும் விழக் கூடாது. மூன்று வருஷமாக இதே பிழைப்பு. எவ்வளவோ வெளிச்சத்தை முகத்தில் வாங்கியிருக்கிறாள், ஒரு அங்குல ஃபிலிமில் கூட அந்த முகம் கிடையாது.

இதற்குத்தான் வீட்டை விட்டுப் போனாள். அப்பா குமாரசாமி தறியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "போறவ அப்படியே போயிடட்டும், செத்தவளா நெனச்சிக்கிறேன்" என்றார் தறிக்குள் நாடாவை எறிந்துகொண்டே. அம்மா கமலாட்சி மட்டும் தெருமுனை வரை வந்து நின்றாள். கோடம்பாக்கத்துச் சந்து அறையில் கையகலக் கண்ணாடிக்கு முன்னால் குழலி தினமும் ஒரு காரியம் செய்வாள், சிரித்துப் பார்ப்பாள். மெல்லத் தொடங்கி, தொண்டையில் உருண்டு, கடைசியில் மணி உடைந்தாற்போலச் சிதறும் சிரிப்பு. ஒரு தடவை ஸ்டுடியோவில் அவள் சிரித்ததைக் கேட்டு, சவுண்டு பார்க்கிறவர், "யாரும்மா அது?" என்று தலையை நீட்டிப் பார்த்தார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருஷம் ஓட்டினாள், பைத்தியம்!

அப்படிப்பட்டவளுக்கு அன்றைக்குக் காலையில் வாய்ப்பு வந்தது. எந்த மாதிரி வாய்ப்பு? கதாநாயகியின் அக்கா தறியோரத்திலேயே செத்துக் கிடக்க வேண்டிய காட்சி. அக்கா வேஷக்காரி, பிணமாகப் படுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் மதராஸிலேயே ஜுரத்தில் படுத்துக்கொண்டாள். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் விரல் குழலியிடம் வந்து நின்றது.

"நீ படுக்கிறியாம்மா? மொகம் தெரியும். க்ளோசப்."

அவர் முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டாள். புரொடக்‌ஷன் மேனேஜர் கோதண்டபாணி, வெற்றிலை வாயோடு பக்கத்தில் வந்து, "ஒழுங்கா பண்ணு, தகராறு எதுவும் பண்ணாத. அடுத்த படத்துல தங்கச்சி வேஷம் ஒண்ணு கெடக்குது, நான்தான் ஆள் போடணும்" என்றார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சந்தோஷத்தில்தான்.

அவளைப் பாயில் கிடத்தினார்கள். நாடிக்குத் துணி கட்டி உச்சியில் முடிந்தார்கள். நெற்றியில் குங்குமம், அதன் மேல் ஒரு காசு. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். முகத்தின் மேல் பட்டுப் புடவை. ஒப்பாரி வைக்கத் தெருப் பெண்களையே கூட்டி வந்து சுற்றிலும் உட்காரவைத்தார்கள். கேமரா ஓடியதும் புடவை விலகியது. மூடிய இமைகளுக்கு மேல் விளக்குச் சூடு இறங்கியது. பெண்கள் கணக்காக அழத் தொடங்கினார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் மட்டும் கணக்கில்லாமல் கிளம்பியது.

"அய்யோ! எங் கொழலீ! என்னப் பெத்தவளே, இப்படியா உன்னப் பாக்கணும் நானு!"

அம்மா. மகள் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பார்த்தால் போதுமென்று ஒப்பாரிக் கூட்டத்தோடு நுழைந்து உட்கார்ந்திருக்கிறாள். பிணமாகப் படுத்திருப்பது யாரென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மார்பில் அறையும் சத்தம் குழலியின் காதில் விழுந்தது. அம்மாவின் கண்ணீர் அவள் கன்னத்தில் சொட்டி, காதுக்குள் இறங்கியது. குழலி அசையவில்லை. மூச்சை வயிற்றில் இறக்கிப் பிடித்துக்கொண்டு, இமை துடிக்காமல், உதடு நடுங்காமல் கிடந்தாள். மூன்று வருஷம் காத்திருந்த முகம் கடைசியில் ஃபிலிமில் ஏறிக்கொண்டிருந்தது, அதை அம்மாவுக்காகக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. "பிரமாதம், அந்தம்மாவ விட்டுடாத, அழ விடு, அழ விடு" என்று டைரக்டர் கிசுகிசுத்தார்.

கட் சொன்னதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கம்பெனியானாலும், எந்த மதத்துக்காரர் கேமரா பிடித்தாலும், பிணமாகப் படுத்தவர் படுத்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஃபிலிம் ஓட வேண்டும். அந்தத் துண்டைப் பிறகு வெட்டிக் குப்பையில்தான் போடுவார்கள், ஆனாலும் ஓட வேண்டும். செத்ததை எழுதிய ஃபிலிமே எழுந்ததையும் எழுதிவிட வேண்டும் என்பது கணக்கு. சிரிக்காமல் எழுந்தவர்களைப் பற்றி மேக்கப் அறையில் யாரும் பேசுவதில்லை.

அசிஸ்டென்ட் கேமராமேன் யேசுதாஸ் கேமராவைத் தட்டிப் பார்த்தார். "சார், ஃபிலிம் காலி. சிரிப்பு ஷாட்டுக்கு வேற லோடு பண்ணணும்."

ஃபிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம். கோதண்டபாணிக்குச் சுருக்கென்றது. "ஒரு சிரிப்புக்குப் புது டப்பா ஒடைக்கணுமா? இவ என்ன பெரிய ஸ்டாரா?" என்றவர், குனிந்து அவள் முகத்துக்கு நேராகக் கேட்டார். "என்னம்மா, நீ இதெல்லாம் நம்புறியா?"

கூடமே அவளைப் பார்த்தது. தங்கச்சி வேஷம் அந்த வெற்றிலை வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல சார்" என்றாள் நாடிக்கட்டை நெகிழ்த்திக்கொண்டு. "பரவால்ல. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"எழுந்து சிரிடீ!" என்று அம்மா கத்தினாள். "அந்தப் பொட்டி முன்னால சிரிச்சுட்டு எழுந்திருடீ! ஒனக்கு அழுதுட்டேன்டீ நானு!" இரண்டு ஆட்கள் அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழலி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும், அழுதால் தகராறு. காசை எடுத்துக் கொடுத்தாள், கால் கட்டை அவிழ்த்தாள், சிரிக்காமல் எழுந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகுதான் விரல்கள் பிரியாமல் போயின.

அடுத்த ஷாட்டுக்கு ஏற்பாடு நடந்தது. குழலி சுவரோரம் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கண்ணில் பட்டது மற்றவர்களின் நடைதான். கூடத்தின் நடுவில் அந்தப் பாய் விரித்தபடியே கிடந்தது, வெறும் பாய், தலைமாட்டில் கசங்கிய நாலு ரோஜா இதழ். யாரும் அதை மிதிக்கவில்லை. விளக்குக்காரர்கள் கனத்த ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிப் போனார்கள். டைரக்டர் ஏதோ யோசனையாக நேராக நடந்து வந்து, பாய்க்கு ஒரு அடி முன்னால் நின்று, கீழே பார்த்து, ஒதுங்கினார். கதாநாயகி வந்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாயின் கால்மாட்டைச் சுற்றி, முகத்தைத் திருப்பியபடி போனாள்.

டீ கொண்டுவந்த ஆள் எல்லாருக்கும் கொடுத்தான். குழலி கையை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டிப் போய்க் குனிந்து, ஒரு கிளாஸைப் பாயின் தலைமாட்டில் வைத்தான். "ஆறிடப் போவுது" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாள். பிணமாக நடித்தவளைப் பிணம் என்று கூப்பிட்டுச் சிரிப்பது செட்டில் சகஜம். போய்க் கதாநாயகி நிற்கும் இடத்தில் நின்றாள், தன் வேலை அது. விளக்கு எரிந்தது. "யாரையாவது நிக்கச் சொல்லுப்பா" என்று மேலேயிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"நின்னுக்கினுதானே இருக்கேன்" என்றாள்.

"அந்தப் பொண்ணு எங்கப்பா?"

"தூங்கிக்கினு இருக்குது. எழுப்பாத, பாவம், காலையிலேர்ந்து படுத்த அலுப்பு."

கேமராமேன் வந்து வெளிச்ச மீட்டரை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் விரல் அவள் மூக்குக்கு அருகில் இருந்தது, சிகரெட் நாற்றம் அடித்தது. விளக்கு வெளிச்சத்தில் அவள் கண் கூசியது. மீட்டரின் முள் அசையவில்லை. அவர் அதை உள்ளங்கையில் தட்டினார். மறுபடி பிடித்தார். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. "கெட்டுப்போச்சா சனியன்" என்று இடப்பக்கம் திருப்பிச் சுவருக்கு நேராகக் காட்டினார். முள் துள்ளி ஏறியது.

அப்போதும் அவளுக்கு முழுசாகப் பயம் வரவில்லை. அதுதான் கொடுமை! மூன்று வருஷமாக அவளைப் பார்க்காமலேயே பார்த்துப் பழகிய கூட்டம் அது. அவள் நின்றால் தூண், நகர்ந்தால் காற்று. இன்றைக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள அவள் மனசு எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தது! யாரிடமாவது போய் உரக்கக் கேட்டிருக்கலாம், சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். தங்கச்சி வேஷம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு ஓரமாகவே நின்றாள். வாயைத் திறக்கவும் கஷ்டமாகத்தான் இருந்தது. கன்னத்தைத் தடவினாள், துணி எதுவும் இல்லை. ஆனால் நாடியிலிருந்து உச்சி வரை ஏதோ இறுக்கியது.

பொழுது சாய்ந்து, கதாநாயகியின் கடைசி ஷாட் முடிந்து, கோதண்டபாணி பேக்கப் சொன்னார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஜெனரேட்டரின் உறுமல் நின்றதும், அதுவரை அது மூடி வைத்திருந்த அமைதி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. நின்றுபோன தறி, அதன் கீழே நெசவாளி கால் வைக்கும் இருட்டுக் குழி. கறுப்புத் துணியின் ஒரு கிழிசல் வழியாக மட்டும் தெருவிளக்கின் மஞ்சள். எல்லாரும் பாயை மிதிக்காமல் அதைச் சுற்றி நடந்து வெளியே போனார்கள்.

யேசுதாஸ் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். ஒரு கையில் சின்ன விளக்கு, தோளில் கேமரா. அதை ஸ்டாண்டில் ஏற்றிப் பாய்க்கு நேராக வைத்தார்.

"கொழலி" என்றார்.

அவளுக்கு உயிர் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே! "அண்ணே!" என்று இழுத்து இழுத்து அவரை நோக்கி நகர்ந்தாள்.

அவர் பாயைப் பார்த்துப் பேசினார். "எழுந்திரும்மா. உங்கம்மா மத்தியானத்துலேர்ந்து வெளில நிக்கிறாங்க. நீ சிரிக்காம வூட்டுக்குப் போவமாட்டாங்களாம். பெத்த வயிறு கேக்குமா? அண்ணன் உனக்காக ஒரு துண்டு ஃபிலிம் தேத்திக்கினு வந்துருக்கேன். ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போ."

அம்மா! நல்ல அம்மா! குழலி விழுந்தடித்துக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தாள். கேமராவின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தாள். சிரித்தாள். கண்ணாடி முன்னால் ஆயிரம் தடவை சிரித்த சிரிப்புத்தான். உதடு விரிந்தது. சத்தம் வரவில்லை. நாடியை அந்த இறுக்கம் விடவில்லை.

"எழுந்து உக்காரும்மா" என்றார் யேசுதாஸ், கண்ணைக் கேமராவில் வைத்தபடியே.

உட்கார்ந்துதான் இருந்தாள்.

"கண்ணத் தொறம்மா."

திறந்துதான் இருந்தாள்.

அவர் சலித்துக்கொண்டு கேமராவை விட்டு வந்தார். பாயருகே குந்தினார். அவர் கை நீண்டது. அவள் மடிக்கு மேலாக, காற்றில், படுத்திருக்கும் ஒருவரின் தோளைத் தொடும் உயரத்தில் நின்று, தட்டியது. மெத்து மெத்தென்று சத்தம் கேட்டது. புடவைக்கு மேல் உள்ளங்கை படுகிற சத்தம்.

குழலி எழுந்து ஓடினாள். ஓட முடியவில்லை. தத்தினாள். கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கக் கூடாது என்று தெரிந்தது. பார்த்தாள். கேமராவின் சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள் கூடம் தெரிந்தது. விளக்கு. குந்தியிருந்த யேசுதாஸின் முதுகு. பாய்.

பாயில் அவள் கிடந்தாள்.

நெற்றியில் காசு. நாடியில் துணி. கட்டிய கால்விரல்கள். யேசுதாஸின் கை அந்தத் தோளை உலுக்கியது. தலை லேசாக இந்தப் பக்கம் சாய்ந்தது. இமைகள் திறந்தன. அந்தக் கண்கள் யேசுதாஸைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தன. கேமராவுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தன.

"முழிச்சிட்டியா, அப்பாடா" என்றார் யேசுதாஸ். திரும்பி வந்தார். அவள் பின்வாங்கினாள். அவர் கண்ணை வைத்தார். மோட்டார் ஓடியது.

"சிரி."

கண்ணாடி இல்லாமல் பார்த்தால் பாய் வெறுமையாகத்தான் இருந்தது. அந்த வெறும் பாயிலிருந்து சிரிப்பு கிளம்பியது. மெல்லத் தொடங்கி. தொண்டையில் உருண்டு. மணி உடைந்தாற்போலச் சிதறி. அவளுடைய சிரிப்பு. மூன்று வருஷம் கையகலக் கண்ணாடியில் அவள் ஒருத்திக்காகச் சேர்த்துவைத்த சிரிப்பு. இப்போது ஃபிலிமில் ஏறிக்கொண்டிருந்தது. வேண்டாம். அண்ணே, வேண்டாம். நிறுத்துங்க. வாய் திறக்கவில்லை.

ஃபிலிம் தீர்ந்து, வால் முனை படபடவென்று அடித்துக்கொண்டது.

"முடிஞ்சுதும்மா. நல்ல சிரிப்பு ஒனக்கு. மேனேஜருகிட்ட சொல்றேன்."

இப்போது கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. பாயிலிருந்து எழுந்தவளை அவள் வெறுங்கண்ணாலேயே பார்த்தாள். அது கால் கட்டை அவிழ்த்தது. துணியைச் சுருட்டித் தூணோரம் எறிந்தது. இரண்டு காலும் தனித்தனியாக, அழகாக நடந்து வாசலுக்குப் போனது. அம்மாவின் குரல் கேட்டது. "வந்துட்டியா என் ராசாத்தி! என் கண்ணு! ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்ல." முத்தமிடுகிற சத்தம் கேட்டது. கோதண்டபாணியின் குரல் கேட்டது. "சிரிக்கச் சொன்னா இப்படிச் சிரிக்கிறியே! தங்கச்சி வேஷம் உனக்குத்தான் போ."

குழலி வாசலை நோக்கிக் காலை எடுத்து வைத்தாள். இரண்டு காலும் சேர்ந்து வந்தன. விழுந்தாள். விழுந்த இடம் பாய்.

கறுப்புத் துணியின் கிழிசல் வழியாக வேன் தெரிந்தது. உள்விளக்கு எரிந்தது. ஜன்னலோரம் அவள் முகம். வெளிச்சம் முழுசும் அதன் மேல். எவ்வளவு அழகாக இருந்தது! அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. வேன் நகர்ந்து தெருமுனை திரும்பும் வரை அது உதட்டை மூடவில்லை.

தெருவில் எங்கோ ஒரு தறி ஓடத் தொடங்கியது. அடுத்த வீட்டில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. பிணம் எடுத்தாயிற்று என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

கைலாசமும் அவர் மனைவி கங்கையம்மாளும் வீட்டுக்குள் வந்தார்கள். அவர் கையில் லாந்தர். அவள் இடுப்பில் குடம், மஞ்சள் கரைத்த தண்ணீர். "பொய்யோ நெசமோ, பொணம் கெடந்த எடம். கழுவிட்டுத்தான் வெளக்கேத்தணும்" என்றாள். பாயைப் பிடித்து உருவிச் சுருட்டினாள். குழலியின் முதுகில் தரை சில்லென்று பட்டது. கத்தினாள். நாடி அசையவில்லை. கங்கையம்மாள் குடத்தைச் சாய்த்தாள்.

தண்ணீர் கூடம் முழுக்கப் பரவி ஓடியது. கங்கையம்மாள் துடைப்பத்தை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னாங்க. இங்க கொஞ்சம் வாங்க."

கைலாசம் லாந்தரைத் தாழ்த்திப் பிடித்தார். ஈரத் தரையின் நடுவில் ஓரிடம் மட்டும் நனையாமல் உலர்ந்து கிடந்தது. ஒரு ஆள் நீளம். தலை. தோள். சேர்த்துக் கட்டிய கால்.

 தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் ஊத்து" என்றார்.

அவள் ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் குழலியின் உச்சந்தலை வரை வந்து, இரண்டாகப் பிரிந்து, இரண்டு காதையும் ஒட்டி, இரண்டு தோளையும் ஒட்டி, கட்டைவிரல்களைத் தாண்டியதும் ஒன்றாகச் சேர்ந்து, தறிக்குழிக்குள் இறங்கியது.